ரேடியோ கட்டுப்பாட்டு நீர்விமானத்தைப் புதியவர் பழகுவது எப்படி?

மாதிரி விமானமே ஓட்டியறியாதவர் நேரடியாக நீர்விமானத்தில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்கலாம், ஆயினும், இறக்கை மேலே அமைந்த ஃபோம் பயிற்சி விமானத்தைப் புல்தரையில் பழகிவிட்டு, அதற்கே மிதவைகளைப் பொருத்துவதுதான் செலவு குறைந்த வழி என்பேன். மிதவையின் அடியிலுள்ள படி போன்ற வெட்டு, விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு (எடை சமநிலைப்படும் புள்ளிக்கு) சற்றே பின்னால் அமைய வேண்டும். நீரின் பிடியிலிருந்து மிதவையை விடுவிப்பது அதுதான்.

காற்றை எதிர்நோக்கி நிறுத்தி, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால்தகட்டை) மேல்நோக்கிப் பிடித்தபடி த்ராட்டிலை (மோட்டார் விசையைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டை) மெல்ல ஏற்றுங்கள். மிதவைகள் நீர்ப்பரப்பின்மேல் வழுக்கத் தொடங்கியதும் அந்தப் பிடியைத் தளர்த்தி, போதிய வேகம் வந்த பிறகே மேலெழுப்புங்கள். கண்ணாடி போல அசையாத நீர் பார்க்க அழகு, ஆனால் அதன்மேல் உயரத்தைக் கணிப்பது கடினம், மிதவையும் எளிதில் விடுபடாது. சிற்றலையே புதியவருக்கு நல்லது. உப்புநீரில் ஓட்டினால் அன்றே நன்னீரால் அலசிவிடுங்கள், இல்லையேல் மோட்டார் பேரிங் துருப்பிடிக்கும்.