ஐரிஷ் மூதாதையரின் ஊரைக் கண்டறிதல்: கேள்வி பதில்

கேள்வி: என் மருமகளின் முன்னோர் பேட்ரிக் மர்ஃபி, 1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து பாஸ்டனுக்கு வந்தவராம். டப்ளின் ஆவணங்களில் தேடத் தொடங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மர்ஃபி அயர்லாந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர். ஊர் தெரியாமல் அங்கே இறங்கினால் எத்தனையோ பேட்ரிக் மர்ஃபிகள் எதிரே வந்து நிற்பார்கள். அந்நாட்டு ஆவணங்களுக்கு அடிப்படை ‘டவுன்லேண்ட்’ எனப்படும் சிறு நிலப்பகுதி. அவை 60,000-க்கும் மேல் உள்ளன. உங்களுக்கு வேண்டிய ஒன்றின் பெயரை அமெரிக்காவிலேயே கண்டுபிடித்தாக வேண்டும். 1906-க்கு முந்தைய குடியுரிமைப் பத்திரங்கள் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்பதோடு நின்றுவிடுவதால், தேவாலயத் திருமணப் பதிவு, கல்லறைக் கல், இறப்பு அறிவிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். பாஸ்டனின் ‘பைலட்’ இதழில் 1831 முதல் 1921 வரை உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன; தம்பியைத் தேடும் அக்காள், அவன் எந்தக் கவுண்டி (மாவட்டம்), எந்தப் பங்கு (தேவாலய வட்டாரம்), எப்போது கப்பலேறினான் என்றெல்லாம் எழுதுவாள். பேட்ரிக்கின் பெயர் அவற்றில் இல்லாவிட்டாலும், அவருடைய உடன்பிறந்தாரின் பெயரோ குழந்தைகளின் ஞானப்பெற்றோர் பெயரோ இருக்கக்கூடும். நான் முதலில் துழாவுவது அந்தப் பக்கவாட்டு உறவுகளைத்தான்.

கேள்வி: மக்கள்தொகைக் கணக்குகள் எல்லாம் 1922-இல் எரிந்துவிட்டன என்கிறார்களே?

பதில்: பழி முழுவதையும் தீயின்மேல் போடுவது சரியன்று. டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகம் அழிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான கணக்குகளில் பெரும்பகுதி போனது உண்மையே. ஆனால் 1861, 1871 கணக்குகளை அரசே அழித்துவிட்டது, 1881, 1891 கணக்குகளோ முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. முழுமையாக எஞ்சிய 1901, 1911 கணக்குகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கப்பலேறாமல் ஊரிலேயே தங்கிவிட்ட கிளையை அவற்றில் பிடிக்கலாம். பஞ்ச காலத்துக்கு, 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் நில மதிப்பீடு உதவும்; ஆனால் நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவரின் பெயர் மட்டுமே அதில் இருக்கும், மனைவி மக்கள் இரார். அவர்களைத் தேட, அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் இணையத்தில் ஏற்றிய கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளைப் புரட்டுங்கள். பல ஏடுகள் இலத்தீனில் இருப்பதால், பேட்ரிக் அங்கே ‘பாட்ரிசியுஸ்’ ஆகியிருப்பார்.

கேள்வி: நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் எங்கள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்களாமே?

பதில்: இல்லை. புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்ட கப்பல் பட்டியலை வைத்துத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள். மேலும், அத்தீவு திறக்கப்பட்டதே 1892-இல்; பேட்ரிக் வந்ததோ அதற்கு வெகு முன்பு.

கேள்வி: பெயரும் வயதும் பொருந்தினால் ஒருவரை நம் மூதாதையர் என்று ஏற்கலாமா?

பதில்: அது மட்டும் போதாது. எல்லிஸ் தீவில் முதலில் பதிவான கார்க் நகரச் சிறுமி ஆன்னி மூர், பிற்பாடு டெக்சாஸில் குடியேறியதாகவே நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த டெக்சாஸ் பெண்மணி இல்லினாய்ஸில் பிறந்தவர் என்பது 2006-இல்தான் ஊரறிய வெளிவந்தது. உண்மையான ஆன்னி நியூயார்க்கை விட்டுப் போகாமலே 1924-இல் இறந்திருந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 2008-இல்.