போலி டிரெஞ்ச் கன்: ரசீதில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 3 வருடம் 8 மாதத்துக்கு முன், வேறு மாநிலத்துச் சேகரிப்பாளர் ஒருவரிடம் இரண்டாம் உலகப்போர் கால வின்செஸ்டர் 1897 டிரெஞ்ச் கன்னை (அகழிச் சண்டைக்கான ராணுவ ஷாட்கன்) 5,200 டாலருக்கு வாங்கினேன். போன மாதம்தான் மதிப்பீட்டாளர், "நீளக் குழலை வெட்டி ஒட்டுப்போட்டது, 900 தேறும்" என்றார். விற்றவர் குடும்ப நண்பர்போலப் பழகியவர். இப்போது போனை எடுப்பதில்லை. இந்தத் துரோகத்துக்கு வழக்குப் போடலாமா? அல்லது புளூயிங் (உலோகத்துக்குக் கருநீலப் பூச்சு) செய்து, குழல்மேல் இருக்கும் சூடு தடுக்கும் தகட்டை அசலாக மாற்றி விற்றுவிடலாமா?

பதில்: நட்பும் துரோகமும் மனுவில் ஏறாது. ரசீதிலோ மின்னஞ்சலிலோ "இரண்டாம் உலகப்போர் அசல்" என்று எழுதியிருக்கிறாரா? இருந்தால் மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட வணிகச் சட்டமான யுனிபார்ம் கமர்ஷியல் கோடின் 2-313 பிரிவின்படி அந்த விவரிப்பே உத்தரவாதம். அவர் தெரிந்தே ஏமாற்றினார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. "நல்ல விலை போகும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது வெறும் அபிப்பிராயம்.

உத்தரவாத வழக்குக்குக் கெடு 4 வருடம். போலி என்று தெரிந்த நாளிலிருந்து அல்ல, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து. உங்களுக்கு மிச்சம் 4 மாதம். ஒப்பந்தத்தில் கெடுவை ஒரு வருடம்வரை குறைத்திருக்கலாம், படித்துப் பாருங்கள். (லூசியானா மாநிலம் என்றால் கணக்கே வேறு.) எழுத்து நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். தாமதித்தால் அதே சட்டத்தின் 2-607 எல்லா நிவாரணத்தையும் அடைத்துவிடும்.

இனி, கட்சிக்காரர்கள் வழக்கமாக விழும் குழி: புளூயிங். பொருளில் கணிசமான மாற்றம் செய்துவிட்டால் 2-608ன்படி திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். அதோடு சாட்சியமும் அழியும். அசல் ராணுவக் குழல் 20 அங்குலம், சோக் (குழல்முனை இறுக்கம்) முத்திரை "சிஒய்எல்", அதாவது இறுக்கமில்லாதது. உங்கள் குழலில் "ஃபுல்" (முழு இறுக்கம்) என்றிருந்தால், வேட்டைத் துப்பாக்கிக் குழலை வெட்டியதற்கு அதுவே வாக்குமூலம். பயனெட் (துப்பாக்கிமுனைக் கத்தி) பிடிப்பின் திருகுகளுக்காகக் குழலின் அடியில் வெட்டிய பள்ளங்கள் இருக்க வேண்டும். ராணுவத் தளவாடத் துறையின் தீக்குண்டு முத்திரை பழைய பூச்சுக்கு அடியில் இருக்கிறதா, பூச்சைக் கிழித்துக்கொண்டு பின்னால் அடித்ததா என்பதும் முக்கியம். பாலிஷ் போட்டால் இந்தக் கடைசி அடையாளம் முதலில் போகும். தகட்டின் ஓட்டை வரிசைகளை மட்டும் நம்பாதீர்கள்; நகல் தகடு தாராளமாகக் கிடைக்கிறது. எதையும் கழற்றாமல் படமெடுத்து வையுங்கள். ஏற்றுக்கொண்ட பொருளின் குறையை நிரூபிக்கும் பாரம் உங்களுடையது.

தெரிந்துகொண்டே அடுத்தவருக்கு "அசல்" என்று விற்றால், மோசடி வழக்கில் பிரதிவாதி நீங்கள்தான்.

நோட்டீசுக்கு முன் இன்னொன்று. தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை மூடி, குழல் முனை வழியே குச்சி விட்டு அளந்துபாருங்கள். 18 அங்குலத்துக்குக் குறைந்தால் அது பதிவில்லாத குட்டைக் குழல் ஷாட்கன். வைத்திருப்பதே 10 வருடம்வரை சிறைக்குரிய கூட்டாட்சிக் குற்றம். அப்போது யாருக்கும் கடிதம் எழுதாமல், கிரிமினல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தால், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை வைத்துக்கொண்டு வழக்கில் வென்றாலும், 5,200ல் 900 போக, கிடைப்பது சுமார் 4,300. வழக்கறிஞர் கட்டணத்தைப் பொதுவாக எதிர்த்தரப்பு தராது, நிபுணர் செலவு தனி. "ஃபுல் முத்திரையை முதல் நாளே பார்த்திருக்கலாமே" என்று அவர் வாதிடுவார், அது லேசான வாதமல்ல. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து 3,500 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வேறு மாநிலத்தவர் என்பதால் நேரில் கொடுக்காமல், அவர் ஊர் உரிமம் பெற்ற டீலர் வழியாக அனுப்புங்கள்.