கேட்டதும் சொன்னதும்: பழைய பேஸ் கிட்டார் வாங்குவதும் திருத்துவதும்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பேஸ் கிட்டாரைப் பற்றியவை. கீபோர்டும் தபேலாவும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: தீபாவளியையொட்டி எங்கள் அலுவலக நண்பர்கள் நடத்தும் இசை நிகழ்ச்சியில் பேஸ் வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துள்ளது. கேரோசல் இணையச் சந்தையில் பழைய நான்கு தந்தி ஜாஸ் பேஸ் ஒன்றை 480 வெள்ளிக்குப் போட்டிருக்கிறார்கள். விற்பவர் எம்ஆர்டி நிலையத்தின் கட்டண வாயிலருகே சந்தித்துக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். அங்கே நின்றுகொண்டு எதைச் சோதிப்பது?
– வாசகர், ஈசூன்

பதில்: கைப்பேசி உறையை வாங்குவதற்குக் கட்டண வாயில் போதும், நான்கு கிலோ எடையுள்ள மரக்கருவியை வாங்குவதற்குப் போதாது. அருகிலுள்ள ஏதேனும் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசை இருக்கும். அங்கே அரை மணி நேரம் உட்கார முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்கே தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். போகும்போது கேபிள், பேட்டரியில் இயங்கும் சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப், கிளிப் டியூனர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தந்திகளைத் தளர்த்தாமல், சுருதி கூட்டிய நிலையிலேயே கொண்டுவரும்படி விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். தளர்ந்த தந்தியோடு இருக்கும் கழுத்து எந்த உண்மையையும் சொல்லாது.

ஏனெனில், பழைய பேஸில் நீங்கள் உண்மையில் விலைகொடுத்து வாங்குவது கழுத்தைத்தான். தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப், தந்திகள் உடலில் தங்கும் பிரிட்ஜ், டியூனிங் கீ, வால்யூம் திருகி என மற்ற எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கழுத்து முறுக்கிக்கொண்டுவிட்டால் அதைச் சீராக்க ஆகும் செலவு பெரும்பாலும் கருவியின் விலையையே தாண்டிவிடும். நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு அந்த மரத்தை இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுவைக்கு எதிராக உள்ளே நின்று தாங்குவது டிரஸ் ராட் எனப்படும் எஃகுக் கம்பி.

முதலில் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் கழுத்தின் நீளத்தைப் பாருங்கள். இரு ஓரங்களும் ஒரே தளத்தில் ஓட வேண்டும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் அது முறுக்கு, அத்துடன் விடைபெற்றுக்கொள்ளலாம். அடுத்து, தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவே ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு பெயரட்டையின் தடிமன், அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது நல்லது. உங்கள் ஈசி-லிங்க் பயண அட்டை அதைப்போல இரு மடங்குக்கும் சற்றுக் கூடுதலான தடிமன் கொண்டது. அந்த அட்டையே தந்தியைத் தொடாமல் நுழைந்து வெளிவந்தால் கழுத்து அதிகமாக வளைந்திருக்கிறது என்று பொருள். வளைவு மட்டும் பெரிய குற்றமன்று, டிரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும். அந்த டிரஸ் ராட் இன்னும் திருகுகிறதா என்பதே கேள்வி. அலன் கீ நுழையும் துளை தேய்ந்து வட்டமாகியிருந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய பாணியில் செய்யப்பட்ட சில பேஸ்களில் திருகும் முனை உடலுக்குள் மறைந்திருக்கும். கழுத்தைக் கழற்றாமல் அதைப் பார்க்க இயலாது. அப்படிப்பட்டதற்கு விலையைக் குறைத்துக் கேட்பது நியாயமே.

இனி வாசிப்பு. ஒவ்வொரு தந்தியிலும் ஒரு ஃபிரெட்டையும் விடாமல் மெதுவாக ஏறிச் செல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் அந்த ஃபிரெட்டோ அடுத்ததோ தூக்கியிருக்கும். மிக மெல்லிய தந்தியான ஜி தந்தியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃபிரெட் வரை ஏதேனும் ஒரு சுரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடங்குவதைக் கேட்பீர்கள். ஜாஸ் பேஸ் போன்ற ஃபெண்டர் நிறுவன வகைக் கருவிகளில் இது பிறவிக்குணம், பயப்பட வேண்டாம். 12ஆவது ஃபிரெட்டில் தந்தியை அழுத்தி எழுப்பும் சுரமும், அதே இடத்தில் தொட்டும் தொடாமலும் எழுப்பும் ஹார்மோனிக்கும் டியூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியைத் தாங்கும் சிறு துண்டான சேடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சேடில் நகருமா? நம் சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டியது. கட்டிலுக்கடியில் பல ஆண்டு கிடந்த பேஸின் சேடிலில் உள்ள சிறு திருகாணிகள் துருவேறி இறுகிவிடும். நான் பார்த்த பழைய பேஸ்களில் மிக அடிக்கடி தென்பட்ட கோளாறு இதுவே. பிரிட்ஜை மாற்றும் செலவை மனத்தில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். வரிசை எண்ணை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். பல கருவிகளில் அந்த எண், நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்ட தகட்டின் மீதே இருக்கிறது. தகட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்ட ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: திரைப்படப் பாடல்களுக்கு நான்கு தந்தி போதுமா, ஐந்து தந்தி வேண்டுமா?
– வாசகி, செங்காங்

பதில்: நான்கு போதும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியொரு பாட்டாகவே ஓடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்; அந்த ஓட்டத்தைக் கற்கக் குறுகிய கழுத்தே கைக்கு இதம். நான்கு தந்தியின் அடி சுரமான இ 41.2 ஹெர்ட்ஸ், ஐந்தாவது தந்தியின் பி 30.9 ஹெர்ட்ஸ். கீபோர்டில் அமைத்த இன்றைய பேஸ் வரிகள் சில நேரம் அந்த ஆழத்துக்கு இறங்குவது உண்மைதான். அத்தகைய பாடலுக்கு இ தந்தியை டி-க்குத் தளர்த்தியோ, ஓர் எண்மம் (ஆக்டேவ்) மேலே வாசித்தோ சமாளிக்கலாம். விரல்கள் சிறியவை என்று எழுதியிருந்தீர்கள். ஜாஸ் பேஸின் கழுத்து, மேல்முனையில் தந்திகள் அமரும் நட் அருகே சுமார் 38 மில்லிமீட்டர் அகலமே. ஃபெண்டரின் மற்றொரு வகையான பிரிசிஷன் பேஸ் அதைவிட அகலம். ஜாஸைத் தேடுங்கள்.

கேள்வி: மகன் தேசிய சேவையை முடித்துவிட்டுச் சேமித்த பணத்தில் பழைய பேஸ் வாங்க நினைக்கிறான். கடையில் வாங்கினால் விலை கூடுதல், தனியாரிடம் குறைவு, ஜப்பானிலிருந்து வரவழைத்தால் தரமானது கிடைக்கும் என்கிறான். எது பாதுகாப்பு?
– ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் 2012இல் நடைமுறைக்கு வந்த 'லெமன் சட்டம்' பொருந்தும், ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்ததாகக் கொண்டு, பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கடையிடம் கேட்கலாம். பழமையினால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்கும், விற்கும்போது சொல்லப்பட்ட குறைக்கும் அது உதவாது. ஒரு தனியாள் இன்னொரு தனியாளுக்கு விற்பது அச்சட்டத்தின் கீழ் வராது. வெளிநாட்டிலிருந்து வருவித்தால் கருவியின் விலை, அனுப்பும் செலவு, காப்புறுதி ஆகியவற்றைச் சேர்த்து, அந்தத் தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். ஜப்பானியத் தயாரிப்புக்கு நல்ல பெயர் உண்டு; ஃபெண்டர் ஜப்பான் 1982இல் தொடங்கியதிலிருந்தே அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. ஆயினும் முதல் பேஸைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு சனிக்கிழமை மகனோடு பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குச் சென்று, வாங்காவிட்டாலும் நான்கைந்து கருவிகளை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடையும் கழுத்தின் அகலமும் அவனுக்கே புரிந்துவிடும்.

கேள்வி: இருநூற்றைம்பது வெள்ளிக்கு ஒரு பழைய ஜாஸ் பேஸ் வாங்கினேன். ஒலி மந்தமாக இருக்கிறது. ஒரு வால்யூமைக் குறைத்தால் இரைச்சலும் வருகிறது. பிக்கப் இரண்டையும் நல்ல நிறுவனத்தின் பிக்கப்புகளாக மாற்றலாம் என்றிருக்கிறேன். எதை வாங்கலாம்?
– வாசகர், பிடோக்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இதே தவற்றைச் செய்து இருநூறு வெள்ளிக்கு மேல் இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். என் முதல் பேஸின் மந்தமான ஒலிக்குப் பிக்கப்தான் காரணம் என்று முடிவுகட்டி, புதியவற்றை வாங்கி, ஒரு கடையில் கொடுத்துப் பொருத்தினேன். ஒலி பளிச்சென்று மாறியது; ஒரு மாதம் மகிழ்ந்திருந்தேன். பிறகு ஒருநாள், பழைய பிக்கப்புகளை நண்பரின் கருவியில் பொருத்தியபோது அவையும் அதேபோலப் பளிச்சென்று ஒலித்தன. உண்மையில் என் பேஸின் ஒலியை மாற்றியது, பிக்கப்போடு சேர்த்துக் கடைக்காரர் மாட்டிக்கொடுத்த புதிய தந்திகளும், அவர் சரிசெய்துவைத்த பிக்கப் உயரமும்தான்.

ஆகவே முதலில் 45 முதல் 105 வரையிலான தடிமனில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு), வட்டக் கம்பி சுற்றிய சாதாரண ரவுண்ட்வுண்ட் தந்திகளை மாட்டுங்கள். பிக்கப்பின் இரு ஓரங்களிலும் உள்ள திருகாணிகளைக் கொண்டு, நான்கு தந்திகளும் ஒரே பலத்தில் கேட்கும் வரை உயரத்தைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். மிக நெருக்கமாக வைத்தால் காந்தம் தந்தியையே இழுத்துச் சுருதியைக் கலங்கடிக்கும். டிரஸ் ராடைத் தொட நேர்ந்தால் ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகியபின் ஓர் இரவு விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். தந்தியின் உயரம் 17ஆவது ஃபிரெட்டில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலோர் கைக்குப் பொருந்தும். இவ்வேலைகளுக்குத் தெரிந்தவரிடம் கொடுத்தால் செட்டப் என்பார்கள். பழைய பேஸ் வாங்கும்போதே அதற்கென ஒரு தொகையை ஒதுக்கிவைப்பது என் வழக்கம்.

இரைச்சலுக்கு வருவோம். ஜாஸ் பேஸின் இரு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டும் முழு அளவில் இருக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றொன்று தின்றுவிடும். ஒன்றைக் குறைத்தால் அந்தச் சமநிலை குலையும். அதாவது உங்கள் கருவி செய்யவேண்டியதைத்தான் செய்கிறது. 1957இலிருந்து பிரிசிஷன் பேஸில் வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப்பில் இந்தத் தொல்லை இல்லை. தந்தியைக் கையால் தொடும்போது உங்கள் பேஸின் இரைச்சல் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் எர்த் ஒயர் நலமாக உள்ளது. உள்குழிகளில் செப்புத்தாளை ஒட்டி அதை எர்த்தோடு இணைத்தால் இரைச்சல் இன்னும் தணியும். சற்றும் குறையாவிட்டால் பிரிட்ஜுக்கு அடியில் செல்லும் எர்த் ஒயர் அறுந்திருக்கக்கூடும். அறையிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தால் வரும் இரைச்சலைச் செப்புத்தாள் தடுக்காது. அதற்கு, உட்கார்ந்திருக்கும் திசையை மாற்றிப் பாருங்கள்.

திருகிகள் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது தெளித்து இருபது முப்பது முறை திருகுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் திருகிகளுக்கு அடியிலுள்ள 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர்களும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வாங்கிப் பொருத்தலாம்; இவற்றைச் சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் சில வெள்ளிக்கு வாங்கிவிடலாம். பற்றவைக்கத் தெரியாதவர் முதலில் பழைய ரேடியோ ஒன்றில் பழகுங்கள். இத்தனைக்கும் பிறகு ஒலி பிடிக்காவிட்டால் பிக்கப்பைப் பற்றி எழுதுங்கள், பேசுவோம். எதைக் கழற்றினாலும் பழைய பாகத்தைப் பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். விற்கும் நாளில் அசல் பாகங்கள் கூட இருந்தால்தான் விலை நிற்கும்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் கற்றவன். பழைய பேஸில் ஃபிரெட்டுகளைப் பிடுங்கிவிட்டால் கமகம் வாசிக்க முடியும் என்று நண்பர் சொன்னார். நானே பிடுங்கலாமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: கமகம் வரும் என்பது உண்மை. வீணையின் மெட்டுகள்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கொண்டுவருவதை, ஃபிரெட் இல்லாத பேஸில் வயலினைப்போல வழுக்கியே கொண்டுவரலாம். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம்முடைய 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில், ஃபிரெட் நீக்கிய விரல்பலகைக்கு எப்பாக்சி பிசின் பூசி வாசித்தது உலகமறிந்த செய்தி. அந்தப் புகழைக் கேட்டுக் குறடெடுத்தவர்கள் கெடுத்த கழுத்துகளுக்கும் குறைவில்லை. ஃபிரெட்டைச் சூடாக்காமல் பிடுங்கினால் விரல்பலகையின் மரம் சில்லுசில்லாகப் பெயர்ந்துவரும். பிடுங்கிய பள்ளங்களில் மெல்லிய மரச்சீவல்களை ஒட்டி, பலகையைச் சமமாகத் தேய்த்து, நட்டின் பள்ளங்களையும் ஆழப்படுத்த வேண்டும். முதல் முயற்சிக்கு இது அதிகம்.

உங்களுக்கு வேறு வழி உண்டு. கழுத்து நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்ட பேஸாக இருந்தால், ஃபிரெட் இல்லாத இன்னொரு கழுத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, பழையதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். உடலில் கழுத்து உட்காரும் குழியின் அகலத்தை அளந்தபின் வாங்குங்கள். ஃபெண்டர் அளவில் அது சுமார் 63 மில்லிமீட்டர், மற்ற நிறுவனங்களில் மாறும். ரவுண்ட்வுண்ட் தந்திகளின் சுருள் மரத்தை அரம்போல அராவும் என்பதால் தட்டைக் கம்பி சுற்றிய ஃபிளாட்வுண்ட் தந்திகளை மாட்டுங்கள். கமகத்தின் வழுக்கலுக்கும் அதுவே ஏற்றது.

சாதாரண பேஸில் விரலை ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பழகியிருப்போம். இதில் ஃபிரெட் இருந்த கோட்டின்மீதே விரல்நுனி விழ வேண்டும், இல்லையேல் சுரம் குறைந்தே ஒலிக்கும். உங்களுக்குச் செவி பழகியிருந்தாலும் கோடு போட்ட கழுத்தையே முதலில் வாங்குங்கள். சிலவற்றில் பக்கவாட்டுப் புள்ளிகள் கோட்டின் நேராகவும், சிலவற்றில் இரு கோடுகளுக்கு நடுவிலும் இருக்கும். எது உங்களுடையது என்பதை மேடையேறும் முன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.