குடியரசுத் தலைவர் தேர்தல்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: ஐயா, குடியரசுத் தலைவரை நாம் ஏன் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை?

பதில்: அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர் அவர். நாடு முழுவதும் வாக்குக் கேட்டு வென்று வந்தவர் அப்படி அடங்கி நடப்பாரா? பிரதமருக்குப் போட்டியாக இன்னோர் அதிகார மையம் முளைத்துவிடும். அதனால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டும் வாக்களிக்கிறார்கள். டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்களும் இதில் சேர்த்தி. நியமன உறுப்பினருக்கும் மாநிலச் சட்ட மேலவை உறுப்பினருக்கும் வாக்கில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாக்கின் எண்ணிக்கை வேறு, வாக்கின் மதிப்பு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கேட்காதீர்கள்.

கேள்வி: நியமன எம்.பி.க்கள் வாக்களிக்கலாமா?

பதில்: மேலே உள்ள பதிலில் முதல் பத்தியின் கடைசி வரி.

கேள்வி: மின்னணு இயந்திரம் ஏன் இல்லை?

பதில்: வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். நாம் பொத்தானை அழுத்தும் இயந்திரம் அதற்கானதல்ல. எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. தேர்தல் ஆணையம் கொடுக்கும் ஊதா மைப் பேனாவால்தான் எழுத வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் சொந்தப் பேனாவை எடுத்தால் சீட்டு செல்லாது.

கேள்வி: தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 176. ஜார்க்கண்டுக்கும் 176. அவ்வளவு சிறிய மாநிலமும் நாமும் ஒன்றா?

பதில்: எச்சரித்தும் இந்தக் கேள்வி வருகிறது. 176 என்பது ஒரு சீட்டின் மதிப்பு. மாநிலத்தின் 1971 மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை மறுபடி 1,000 ஆல் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 4,11,99,168 பேர், 234 இடங்கள், விடை 176. ஜார்க்கண்டில் மக்கள் குறைவு, இடங்களும் 81 தான். அதனால் அதே விடை. மாநிலத்தின் மொத்த எடையைப் பாருங்கள்: நமக்கு 41,184, அவர்களுக்கு 14,256. சிக்கிமில் ஒரு சீட்டு வெறும் 7.

எல்லா மாநிலங்களின் கூட்டு மதிப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி.யின் மதிப்பு வரும். 2022இல் 5,43,231ஐ 776ஆல் வகுத்து 700 என்று வைத்தார்கள். நாடாளுமன்றமும் மாநிலங்களும் தராசில் சமமாக நிற்பதற்குத்தான் இத்தனை கணக்கும்.

கேள்வி: 1971ஆம் ஆண்டின் எண்ணை 2022இலும் பயன்படுத்துவது மோசடி. உத்தரப் பிரதேசத்தில் இன்று இருக்கும் மக்களுக்கு மதிப்பில்லையா?

பதில்: வாருங்கள், இதைத்தான் எதிர்பார்த்தேன். குடும்பக் கட்டுப்பாட்டில் வென்ற மாநிலம் அதனாலேயே எடை இழக்கக் கூடாது என்று 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆம் திருத்தம் அந்த எண்ணை உறைய வைத்தது. 84ஆம் திருத்தம் அந்த உறைவை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும் வரை நீட்டியது. 2022இல் உத்தரப் பிரதேசச் சீட்டின் மதிப்பு 208. 2011 கணக்கைப் போட்டிருந்தால் அங்கே 496, நமக்கு 308. மொத்த எடையில் நம்மைவிட இரண்டு மடங்காக இருப்பவர்கள் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகியிருப்பார்கள்.

கேள்வி: அப்படியானால் சமத்துவம் தவறு என்கிறீர்களா? ஒரு மனிதருக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?

பதில்: உங்கள் வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தேர்தல் தனிமனிதர்களை மட்டும் எண்ணுவதற்காக அமைந்ததல்ல. வெறும் தலை எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் எம்.எல்.ஏ.க்களை எதற்கு அழைக்க வேண்டும்? மக்களவையோடு நிறுத்தியிருக்கலாமே. அரசு சொன்னதைச் செய்து காட்டிய மாநிலத்துக்குத் தண்டனை, செய்யாததற்குப் பரிசு என்றால் அந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. இதற்கு மேல் தொகுதி மறுவரையறைக்குள் போனால் பொழுது விடிந்துவிடும்.

கேள்வி: இளையராஜா மாநிலங்களவை உறுப்பினர்தானே? அவருக்குமா வாக்கில்லை?

பதில்: இசைஞானிக்கும் இல்லை, நியமன உறுப்பினர் என்பதால். ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. குடியரசுத் தலைவரைப் பதவி நீக்கும் தீர்மானம் வந்தால் நியமன உறுப்பினர்களும் வாக்களிக்கலாம்; எம்.எல்.ஏ.க்களுக்கு அங்கே இடமே இல்லை.

கேள்வி: இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகுமா?

பதில்: இந்தத் தேர்தலுக்குக் கொறடா உத்தரவு கிடையாது. வாக்கும் ரகசியம்.

கேள்வி: இரண்டாம் விருப்பம் எப்போதாவது முடிவைத் தீர்மானித்திருக்கிறதா?

பதில்: 1969இல். குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். காங்கிரஸ் நிறுத்திய சஞ்சீவ ரெட்டியை இந்திரா காந்தி விரும்பவில்லை. மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார். சுயேச்சையாக நின்ற வி.வி.கிரிக்கு முதல் விருப்பத்தில் 4,01,515, ரெட்டிக்கு 3,13,548. வெல்லத் தேவை 4,18,169. மூன்றாவதாக வந்த சி.டி.தேஷ்முக்கிடம் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தது. பின்தங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளின் அடுத்த விருப்பத்தைப் பிரித்தபோது பெரும்பங்கு ரெட்டிக்கே போனது. ஆனாலும் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. அந்த ஆண்டே கட்சியும் பிளந்தது. தேர்தலை எதிர்த்து வழக்கு வந்தபோது, பதவியில் இருந்த கிரியே உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார்.

கேள்வி: ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போட்டால்?

பதில்: ஆளுநருக்குத் தேர்தலே இல்லை. வேறொரு நாள் பார்க்கலாம்.

கேள்வி: நான் போட்டியிடலாமா? வயது 36.

பதில்: வயது 35 முடிந்திருந்தால் போதும், அது சரி. ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருக்கக் கூடாது. டெபாசிட் 15,000 ரூபாய். வாக்குரிமை உள்ள எம்.பி., எம்.எல்.ஏ.க்களில் 50 பேர் முன்மொழிந்தும் வேறு 50 பேர் வழிமொழிந்தும் கையெழுத்திட வேண்டும். 1977இல் 37 பேர் மனு கொடுத்தார்கள். 1969இல் தோற்ற அதே சஞ்சீவ ரெட்டியைத் தவிர அத்தனை பேர் மனுவும் தள்ளுபடி, அவர் போட்டியின்றி வென்றார். கையெழுத்துகளைச் சேர்த்துவிட்டு வாருங்கள், தம்பி, மேற்கொண்டு பேசுவோம்.