எதிலும் பிடிப்பு இல்லை, மாத்திரை உண்டா?

கேள்வி: வயது 26. மெக்கானிக்கல் பொறியியல் முடித்து ஒன்றரை ஆண்டு தனியார் வேலையில் இருந்தேன். அதை விட்டுவிட்டு மூன்று ஆண்டுகளாக அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். இப்போது புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கிறேன். இரவு மூன்று வரை கைப்பேசி; எழும்போது காலை பதினொன்று. அப்பா சோம்பேறி என்கிறார். "இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்பார்களே என்று உறவினர் கல்யாணங்களுக்கும் போவதில்லை. ஊக்கம் வர மாத்திரையோ டானிக்கோ உண்டா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஊக்க மாத்திரை என்று எதுவும் கிடையாது. ஆனால் ஊக்கத்தை உறிஞ்சும் உடல் கோளாறுகள் உண்டு, முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம். ஹீமோகுளோபின், தைராய்டு (டி.எஸ்.எச்.), சர்க்கரை, பி12 ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. சைவ உணவுக்காரர் என்றால் பி12 குறைய வாய்ப்பு அதிகம். குறை தெரிந்தால் அதற்கு மருந்து உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் டானிக் குடித்தால் பணம்தான் குறையும்.

சோம்பேறி என்பது நோயின் பெயர் அல்ல. சோம்பேறிக்குக் குற்ற உணர்ச்சி இருக்காது. உங்கள் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. முன்பு பிடித்த எதிலும் நாட்டமின்மை, மனவாட்டம், தூக்கமும் பசியும் மாறுதல், தன்னைத் தானே பழித்தல் என இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் மனச்சோர்வு நோயா என்று ஆராய வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். மருந்து தேவையென்றால் அவர்கள் எழுதித் தருவார்கள்; அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும். கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் அன்றே 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இனி தூக்கம். சீக்கிரம் படுக்க முயல வேண்டாம், தோற்றுப்போவீர்கள். எழும் நேரத்தைப் பிடியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னதாக அலாரம் வையுங்கள். எழுந்ததும் வெயில் முகத்தில் படும்படி வெளியே நில்லுங்கள். மூளையின் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது அந்த வெளிச்சம்தான். கைப்பேசி வேறு அறையில் சார்ஜ் ஏறட்டும்.

ஆர்வம் வந்ததும் படிக்கலாம் என்று காத்திருப்பதில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறீர்கள். 1970-களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் இதைத் தலைகீழாகப் பார்த்தார்: நல்ல அனுபவம் தரும் செயல்கள் குறையும்போதுதான் மனம் மேலும் சுருங்குகிறது, ஆகவே முதலில் செயலைக் கூட்டவேண்டும். இந்தச் செயல்வழிச் சிகிச்சையை இங்கிலாந்தில் மனச்சோர்வுள்ள 440 பேரிடம் நடத்திய ஆய்வில் சோதித்தார்கள். அளிப்பவருக்கு அதிகப் பயிற்சி தேவைப்படும், எண்ணப்போக்கை மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இது சளைத்ததல்ல என்று 2016-இல் முடிவு வெளியானது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம், மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி; பக்கத்தில் மனம் எவ்வளவு லேசாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண். வேறொன்றும் மாற்றவேண்டாம். என்னிடம் இதை எழுதிவந்தவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் திகைப்பார்கள்: இரண்டு மணி நேரக் கைப்பேசிக்கு 2, அம்மாவுக்குப் பால் வாங்கப் போனதற்கு 5. அடுத்த வாரம் அந்த ஐந்துகளில் இரண்டை மட்டும் நாள்தோறும், நேரம் குறித்துச் செய்யுங்கள். படிப்புக்கு இப்போதைக்கு 20 நிமிடம் போதும். ஆனால் வீட்டில் வேண்டாம். மாவட்ட மைய நூலகத்துக்குப் போங்கள். வருகைப் பதிவு, சக ஊழியர், மாதச் சம்பளம் எதுவும் இல்லாத வேலை உங்களுடையது. பக்கத்து மேசையில் இன்னொருவர் பக்கம் புரட்டும் சத்தமாவது கேட்கட்டும்.

அப்பாவிடம் ஒரு கணக்கையும் காட்டுங்கள். 2024 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். அறிவிப்பில் இருந்த பணியிடங்கள் 6,244. தேறாத அத்தனை பேரும் சோம்பேறிகளா? அதே கணக்கு உங்களுக்கும்தான். இன்னும் எத்தனை முறை எழுதுவீர்கள் என்று ஒரு தேதியை இப்போதே முடிவு செய்யுங்கள், நடுவில் அரை நாள் வேலை ஏதாவது கிடைத்தால் விடாதீர்கள். சொந்தக் காசில் டீ குடிப்பதும் ஒரு மருந்து என்பது என் கட்சி.

அடுத்த கல்யாணத்துக்குப் போங்கள். முதல் பந்தியில் சாப்பிட்டு அரை மணியில் திரும்பினாலும் சரி. கேட்பவர்களிடம் "தேர்வுக்குப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை இன்னொரு கரண்டி கேளுங்கள். இரவு நோட்டில் அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.