பாலைவனத்தில் மரச்செதுக்கு அச்சு முகாம்: வாசகர் கேள்விகள்

மரக்கட்டையில் படம் செதுக்கி, வண்ணம் பூசித் தாளில் அச்செடுக்கும் மரச்செதுக்கு அச்சுக்காரர்கள் இருபது பேர் சேர்ந்து பாலைவனத்தில் நான்கு நாள் முகாம் நடத்தப் போகிறார்களாம். பன்னிரண்டு பேர் ஜப்பானிய முறையில் நீர்வண்ணத்தில் அச்சிடுகிறவர்கள். மற்ற எட்டுப் பேர் எண்ணெய் மைக்காரர்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளும், இதே யோசனையில் இருக்கும் வேறு சில வாசகர்களின் கேள்விகளும் இந்த இதழில்.

கேள்வி: எந்தப் பருவத்தில் போவது நல்லது? ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

வெயிலை மட்டும் பார்த்து நாள் குறிக்காதீர்கள், காற்றையும் பாருங்கள். குளிர் விலகி வெப்பம் ஏறத் தொடங்கும் வாரங்களில் சூடு தாங்கும்படியாக இருக்கும். ஆனால் பல பாலைவனங்களில் மணற்காற்று கிளம்புவதும் அப்போதுதான். கோடை தணிந்து குளிர் இறங்கும் வாரங்களே எங்கள் தேர்வு.

இடம் பார்க்கும்போது வறண்ட ஆற்றுப்படுகையைத் தவிர்த்துவிடுங்கள். கெட்டித் தரையும் கொஞ்சம் நிழலும் இருப்பதால் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். எங்கோ மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும்.

நீர்வண்ண அச்சை விடியற்காலை 6 முதல் 10 வரை ஒரு முறை, மாலை 5 முதல் 9 வரை இன்னொரு முறை என்று இரண்டாகப் பிரியுங்கள். நடுப்பகலில் செதுக்கல், செயல்விளக்கம், தூக்கம். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அச்சு மேசை வேண்டாம். முறைக்கு ஆறு பேர் என்றால் ஆறு இருக்கைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் 1.2 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகல மேசை. நீர்வண்ண அச்சுக்குத் தாள் ஈரமாகவே இருக்க வேண்டும், அதனால் இந்த ஆறும் ஒரே மூடிய அறையிலோ பக்கச்சுவர் உள்ள கூடாரத்திலோ இருக்க வேண்டும். 6 × 4 மீட்டர் இடம் தாராளம். இதை ‘ஈர அறை’ என்று வைத்துக்கொள்வோம். முகாமின் மற்ற ஏற்பாடுகள் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். இந்த அறை சரியில்லை என்றால் நீர்வண்ணக்காரர்கள் நான்கு நாளும் செதுக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அதற்கு ஏ.சி. ஆகாது. கொஞ்சநஞ்சம் இருக்கும் ஈரத்தையும் அது உறிஞ்சி வெளியே விடும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர்தான் சரி. காற்று வறண்டிருக்கும் இடத்தில் கூலர் நன்றாக வேலை செய்யும். குளிர்ச்சியோடு ஈரத்தையும் சேர்த்துக் கொடுக்கும். எதிர்ச்சுவரில் காற்று வெளியேற ஒரு திறப்பு வேண்டும். அதைப் பாதி மூடியும் திறந்தும் ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்துக்குள் நிறுத்தலாம். ஒரு ஈரப்பதமானியைத் தாள் வைக்கும் மேசையின் உயரத்தில் மாட்டுங்கள், கூரைக்கு அருகில் வேண்டாம். கூலரின் முகத்தைத் தாள் அடுக்கின் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள்.

கேள்வி: வறண்ட ஊரில் ஒருமுறை அச்சிட்டபோது முதல் இரண்டு வண்ணங்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. மூன்றாவது வண்ணத்தில் ரிஜிஸ்டர் (ஒவ்வொரு வண்ணக் கட்டையின் அச்சும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) விலகிவிட்டது, அதுவும் ஓரங்களில் மட்டும். கென்டோவைச் சரிபார்த்தேன், அதில் தவறில்லை. பிறகு எங்கே தவறு?

தாளில். ஈரமான தாள் காயக் காயச் சுருங்கும். அரை சதவீதம் சுருங்கினால்கூட 40 சென்டிமீட்டர் தாளில் 2 மில்லிமீட்டர் போய்விடும். கென்டோ என்பது கட்டையிலேயே வெட்டிய ஒரு மூலையும் ஒரு நேர்கோட்டுப் பள்ளமும். தாளை எந்த இடத்தில் வைப்பது என்பதைத்தான் அது சொல்லும்; தாளின் அளவு மாறிவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் கென்டோ மூலைக்குப் பக்கத்தில் எல்லாம் பொருந்தியிருக்கும், தள்ளிப் போகப் போக விலகல் கூடும்.

ஓரங்களில் மட்டும் கெட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அடுக்கி வைத்த தாள்களில் முதலில் காய்வது ஓரம்தான். ஓரம் சுருங்கி நடுப்பகுதி விரிந்தே இருந்தால் தாள் நடுவில் புடைத்துக்கொள்ளும். அதைக் கட்டையில் வைத்துத் தேய்த்தால் புடைப்பு எங்காவது ஒரு பக்கம் தள்ளப்படும், மடிப்பும் விழும்.

ஈரப்படுத்தும் முறையிலிருந்தே தொடங்குவோம். முதல்நாள் மாலை, அச்சடிக்காத நியூஸ்பிரின்ட் (செய்தித்தாளுக்கான காகிதம்) தாள்களை அகலப் பிரஷால் நனையுங்கள். தூக்கினால் தண்ணீர் சொட்டக் கூடாது. ஒரு நனைந்த தாள், அதன்மேல் கோசோ தாள் (மரப்பட்டை நாரில் செய்யும் ஜப்பானிய அச்சுத் தாள்) இரண்டு அல்லது மூன்று, மறுபடி ஒரு நனைந்த தாள் என்று அடுக்குங்கள். மொத்தத்தையும் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி, மேலே ஒரு பலகையும் கொஞ்சம் பாரமும் வையுங்கள். காலையில் நியூஸ்பிரின்ட்டை உருவிவிட்டு, அச்சுத் தாள்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மறுபடி ஒரு மணி நேரம் சுற்றி வைத்தால் ஈரம் எல்லாத் தாளிலும் சமமாகப் பரவும். தாளைக் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது பளபளப்புத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஈரம் அதிகம், வண்ணம் கசியும்.

பதம் சரியாக வந்ததும் அந்த அடுக்கைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்ணம் முடிந்ததும் திரும்ப நிறுங்கள். எடை குறைந்திருந்தால் அவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது. கைப்பதம் தெரிந்தவர்கள் தராசைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாலைவனக் காற்றில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் மாற்றத்தை விரல் நுனி பல நேரம் தவறவிடும்.

அச்சிடும்போது இரண்டு மூடிபோட்ட பெட்டிகள் வைத்துக்கொள்ளுங்கள். இடது பெட்டியிலிருந்து ஒரு தாள் வெளியே வரும். அச்சிட்டதும் உடனே வலது பெட்டிக்குள் போகும். இரண்டிலும் பிளாஸ்டிக் தாளின்மேல் ஈரத்துணி. பார்த்து ரசிப்பதற்காக ஐந்து நிமிடம் வெளியே வைத்த தாள்தான் அடுத்த வண்ணத்தில் சண்டை போடும்.

காய்ந்துபோன தாளின்மேல் ஸ்பிரேயால் தண்ணீர் அடிக்காதீர்கள். திட்டுத் திட்டாக ஈரம் ஏறி நிலைமை இன்னும் கெடும். அன்றைக்கு அச்சை நிறுத்திவிட்டு, முழு அடுக்கையும் நனைந்த நியூஸ்பிரின்ட்டோடு திரும்ப இரவு முழுக்கச் சுற்றி வைத்தால் தாள் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஈரத்தாளைச் சூட்டில் மூன்று நாளுக்கு மேல் சுற்றியே வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். பகலில் அச்சிடாத நேரத்தில் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள், ஐஸைத் தொடாமல்.

கேள்வி: கட்டைகளை வீட்டிலேயே செதுக்கி எடுத்துப்போகலாமா? வெடித்துவிடுமா?

எடுத்துப்போகலாம், என்ன மரம் என்பதைப் பொறுத்து. ஈரப்பதம் 65 சதவீதம் உள்ள இடத்தில் மரத்துக்குள் சுமார் 12 சதவீதம் ஈரம் இருக்கும். 20 சதவீத ஈரப்பதத்தில் அது 5-க்குக் கீழே இறங்கும். செர்ரி போன்ற மரம், உள் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ரேகைக்குக் குறுக்கே சுமார் கால் சதவீதம் சுருங்கும். அப்படியானால் 300 மில்லிமீட்டர் அகலப் பலகை முழுவதும் உலர்ந்து முடிக்கும்போது 5 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். ரேகையின் நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. எனவே ஒற்றைப் பலகையில் செதுக்குகிறவர்கள் எல்லா வண்ணக் கட்டைகளையும் ஒரே மரத்திலிருந்து, ரேகை ஒரே திசையில் ஓடும்படி வெட்டிக்கொள்ள வேண்டும். அப்போது சுருங்கினாலும் எல்லாம் ஒன்றாகச் சுருங்கும். ஒரு கட்டையில் ரேகை நெடுக்காகவும் மற்றொன்றில் குறுக்காகவும் இருந்தால் ரிஜிஸ்டரை மறந்துவிடலாம்.

நான்கு நாளில் பலகை முழுவதும் உலராது. மேற்பரப்பும் இரு முனைகளும்தான் முதலில் உலரும். வெடிப்பு முனையிலிருந்துதான் தொடங்கும். இரு முனைகளிலும் மெழுகோ மரப்பசையோ கனமாகப் பூசி, அச்சிடாத நேரத்தில் கட்டையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். முகாமுக்கு மட்டும் பிளைவுட் எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம். ஷினா என்ற ஜப்பானிய மரத்தின் பிளைவுட் கிடைத்தால் மிக நல்லது. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அளவு அதிகம் மாறாது. ஆனால் ஒரு முகத்தை மட்டும் நனைத்தால் வளையும். அச்சிடுவதற்கு முன் பின்பக்கத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: பிரஷால் வண்ணம் பூசி முடிப்பதற்குள் கட்டையின் மறுமுனை காய்ந்துவிடுகிறது. அச்சு புள்ளி புள்ளியாக விழுகிறது. கிளிசரின் சேர்க்கலாமா?

முதலில் கட்டைக்குத் தண்ணீர் காட்டுங்கள். வறண்ட மரம் உங்கள் வண்ணத்தில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிட்டு நிறமியை மேலே விட்டுவிடும். அச்சிடுவதற்கு முன் கால் மணி நேரம் ஈரத்துணியைக் கட்டையின்மேல் போட்டுவையுங்கள். முதல் ஐந்தாறு தாள்கள் சோதனைக்குத்தான் என்று ஒதுக்கிவிடுங்கள். கட்டை ‘பழகுவதற்கு’ அவ்வளவு ஆகும். அதன் பிறகும் காய்ந்தால், ஒரு தேக்கரண்டி வண்ணத்துக்கு கிளிசரின் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் அச்சு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சமதளப் பரப்பை ஒரே வண்ணத்தில் நிரப்பும் வடிவமைப்பைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும் ஒரு தீர்வுதான்.

பசையையும் கவனியுங்கள். ஒரு பங்கு அரிசி மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் வைத்துக் காய்ச்சும் பசை அந்தச் சூட்டில் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. தினமும் கொஞ்சமாகக் காய்ச்சுங்கள், இல்லையேல் கெட்டுப்போகாத மெத்தில் செல்லுலோஸ் பசைக்கு மாறுங்கள். வண்ணம் கரைக்கக் கிணற்று நீர் வேண்டாம். பாலைவன நிலத்தடி நீரில் பெரும்பாலும் உப்பும் காரமும் அதிகம். நிறமித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். பிரஷியன் நீலம் காரத்தில் சிதையக்கூடியது. வாலை வடித்த நீர் ஆளுக்கு 2 லிட்டர் இருந்தால் நான்கு நாளும் வண்ணம் கரைக்கப் போதும்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு தண்ணீர் கொண்டுபோவது? கழிவு நீரை மணலில் ஊற்றலாமா?

குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர். அச்சுக்கும் பிரஷ் கழுவவும் சராசரியாக 5. இருபது பேருக்கு நான்கு நாளில் 880 லிட்டர். வறண்ட காற்றில் கூலர் மணிக்கு 5 முதல் 10 லிட்டர் குடிக்கும். தினமும் எட்டு மணி நேரம் ஓடினால் நான்கு நாளில் அதற்கே 320 வரை தேவைப்படலாம். சமையல், குளியல் தனி. கூலருக்கு மட்டும் கிணற்று நீர் பரவாயில்லை, பட்டையில் உப்புப் படியும், அவ்வளவுதான்.

மணலில் ஊற்றாதீர்கள். அங்கே நிறமியை அடித்துச் செல்லும் மழை அரிது. ஊற்றிய இடத்திலேயே பல காலம் கிடக்கும். கழிவு நீரைப் பத்து லிட்டர் வாளியில் சேர்த்து, ஐந்து தேக்கரண்டி படிகாரப் பொடியும் அதே அளவு நீற்றிய சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். நிறமி அடியில் வண்டலாக இறங்கிவிடும். தெளிந்த மேல்நீரைத் துணியில் வடிகட்டி, அகலத் தட்டில் வெயிலில் ஆவியாக விடலாம். வண்டலைக் காயவைத்துப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். சுண்ணாம்பைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

கேள்வி: உளி தீட்ட நீர்க்கல் கொண்டுபோகலாமா?

வேண்டாம். தண்ணீரும் வீண், கல்லில் மணலும் ஏறும். வைரத்தூள் பதித்த தகடு ஒன்றும் பாலிஷ் பூசிய தோல் பட்டையும் போதும். மணல் துகள் கட்டையில் விழுந்து அதன்மேல் பாரெனை (தாளின் பின்புறம் தேய்க்கும் வட்டக் கருவி) அழுத்தினால் தாள் கிழியும், மரத்திலும் குழி விழும். பாரெனைத் துணிப்பையில் போட்டே வையுங்கள், அதன் மூங்கில் மடல் உறைக்கு அடிக்கடி ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். வறட்சியில் மடல் மடிப்பு வழியே பிளக்கும்.

கேள்வி: கடைசி நாளில் ரோடு ரோலரை வைத்துப் பெரிய கட்டை ஒன்றை அச்சிட ஆசை. மணலில் முடியுமா?

மணலில் முடியாது. கெட்டித் தரை வேண்டும், கான்கிரீட் தளம் கிடைத்தால் நல்லது. 1.2 × 2.4 மீட்டர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையை முன்பே துண்டுகளாக அறுத்து ஆளுக்கொன்று செதுக்கச் சொல்லி, அங்கே சேர்த்து வைக்கலாம். சுற்றிலும் அதே தடிமனுள்ள வெற்றுப் பலகைகளைப் பதியுங்கள். இல்லாவிட்டால் ரோலர் விளிம்பில் ஏறும்போது கட்டையை முன்னால் தள்ளிவிடும். மை பூசிய கட்டையின்மேல் பருத்தித் துணி, அதன்மேல் இரண்டு கம்பளி, அதன்மேல் ரோலர். அதிர்வு விசையை அணைத்துவிட்டு ஒரே ஒரு முறை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். விடியற்காலையில் ஆறு பேர் ஒரே சமயத்தில் மை உருட்டினால்தான் முதலில் பூசிய இடம் காய்வதற்குள் முடியும்.

எண்ணெய் மை துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள். மையில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றில் உலரும்போது சூட்டைக் கக்கும். குவியலுக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். பாலைவன வெயிலில் இன்னும் சீக்கிரம். தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டின்னில் போடுங்கள்.

கேள்வி: ஒருவர் அச்சை மற்றவர்களுக்குக் கொடுத்து வாங்கும் அச்சுப் பரிமாற்றத்துக்கு ஒவ்வொருவரும் எத்தனை பிரதி எடுக்க வேண்டும்?

இருபது பேருக்கு இருபது, குழுவின் சேமிப்புக்கு ஒன்று, உபரி இரண்டு. ஆக 23 நல்ல பிரதிகள். அதற்கு 30 தாள் ஈரப்படுத்துங்கள். அஞ்சலட்டை அளவு, அதிகபட்சம் மூன்று கட்டைகள் என்று முன்பே விதி வையுங்கள். பெரிதாகத் திட்டமிட்டவர்கள் பரிமாற்ற மாலையில் வெறுங்கையோடு நிற்பார்கள். எண்ணெய் மைக்காரர்கள் முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிட்டால்தான் அட்டையில் வைக்கும் அளவுக்காவது மை உலரும். அப்போதும் ஒவ்வொரு பிரதிக்கும் இடையில் கிளாசைன் என்ற வழவழப்பான மெல்லிய தாள் வைத்தே கட்ட வேண்டும்.