குழாய்க் கேள்விகள்: வால்வைக் கடைசியாக எப்போது திருகினீர்கள்?

மூடிய பிறகும் குழாய் சொட்டுகிறது. என்ன செய்யலாம்? (தாம்பரம்)
என்ன குழாய் என்று எழுத வேண்டாமா? பல சுற்று திருகும் பழைய ரகமென்றால் வாஷர் தேய்ந்திருக்கும், சில்லறைச் செலவு. கால் சுற்றில் திறக்கும் ரகமென்றால் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றணும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்கு ஒரு வாளி தண்ணீர் போச்சு.

புழங்காத குளியலறையில் சாக்கடை நாற்றம். (கோவை)
நஹானி டிராப்பில், அதாவது தரையில் தண்ணீர் போகும் துளைக்கு அடியிலுள்ள கிண்ணத்தில், நிற்கும் தண்ணீர் காய்ந்திருக்கும். வாரம் ஒரு சொம்பு ஊற்றுங்கள்.

வாஷ்பேசின் கனெக்‌ஷன் டியூப் வெடித்து ஹால் முழுக்கத் தண்ணீர். தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வு (சக்கரம்போல் பல சுற்று திருகுவது) திரும்பவே இல்லை. மட்டமான வால்வா? (மதுரை)
வால்வு திரும்பவில்லையா, நீங்கள் திருப்பவில்லையா? குடிபோன அன்று பிளம்பர் திறந்துவிட்டது. அதன்பின் யாரும் தொட்டிருக்க மாட்டீர்கள். போர் தண்ணீரின் உப்பு படிந்து இறுகாமல் என்ன செய்யும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக்க மூடித் திறங்கள். கடைசியில் கால் சுற்று பின்வாங்கி விடுங்கள். இறுகியதை ரிஞ்ச் போட்டு முறுக்கினால் உள்ளே திருகும் தண்டு (ஸ்பிண்டில்) முறியும்.

என் மச்சான் வீட்டில் அப்படித்தான் முறிந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டைமாடித் தொட்டிக்குள் தோள்வரை கைவிட்டு, பழைய வேட்டியைச் சுருட்டி அவுட்லெட்டில் திணித்தார். அதற்குள் பாதித் தொட்டி வீட்டுக்குள் இறங்கியிருந்தது.

இறுகிய கேட் வால்வைக் கழற்றிவிட்டு கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் மூடும் பால் வால்வு (ball valve) போடுங்கள். டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டியூபின் மேலுள்ள கம்பிப் பின்னலில் துரு தெரிந்தால் உடனே. ஊருக்குக் கிளம்பும்போது காஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர்கள்கூட வால்வை நினைப்பதில்லை.

சிங்க் அடைப்புக்கு ஆசிட் ஊற்றலாமா? (சேலம்)
கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஆசிட்டில் கரையாது. கீழே வாளி வைத்து சிங்குக்கு அடியில் குப்பிபோல் இருக்கும் பாட்டில் டிராப்பைக் கையால் கழற்றிக் கழுவுங்கள். முதலில் வாளி, அப்புறம் கழற்றல்.

கீசரின் சேஃப்டி வால்வு சொட்டியதால் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டோம். சரிதானே? (வேலூர்)
சரியில்லை. முதலில் சுவிட்சை அணையுங்கள். சூடாகும் தண்ணீர் விரியும். அந்த அழுத்தம் வெளியேற இருந்த வழியை அடைத்திருக்கிறீர்கள். கீசர் வெடிக்கலாம். சூடேறும்போது மட்டும் சில சொட்டு விழுவது இயல்பு. நாள் முழுக்கச் சொட்டினால்தான் கோளாறு. இனி அந்த வால்வையே மாற்றியாக வேண்டும். வருகிற பிளம்பரிடம், கீசருக்குத் தண்ணீர் விடும் வால்வான ஆங்கிள் காக் மூடித் திறக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.